என் மேல் வராத அம்மன்

1

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அயர்லாந்தில், கார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஓய்வறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே மதியம் ஒன்றரை என்றால் ஊரில் மாலை ஆறு. அந்த நேரத்துக்குத்தான் எங்கள் ரேணுகாம்பாள் கோயிலிலிருந்து பூங்கரகம் கிளம்பும். படவேட்டுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலைக்கு நேர்கீழே இருக்கிறது ஊர். நான் அங்கே பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் வேலைக்காக இங்கே வந்து, மகளையும் இங்கேயே வளர்த்துவிட்டேன்.

தம்பி ஏழுமலை வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். அவன் மனைவி பச்சையம்மா மஞ்சள் புடவையில், தலையில் கரகத்தோடு, பம்பைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு வருகிறாள். கையால் பிடிக்கவில்லை. கழுத்து அசைகிறது, கரகம் அசையவில்லை. அதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ‘அம்மனே எறங்கி வந்த மாதிரி கீது’ என்று ஒருவர். ‘அத்தை செம’ என்று என் மகள் ரேணு. நானும் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு டப்பாவை மூடிவைத்தேன்.

பக்கத்தில் இருந்த ஐரிஷ்காரி எட்டிப் பார்த்துவிட்டு, யார் அது, உன் தங்கையா, எவ்வளவு அழகு என்றாள். ‘கிராண்ட்’ என்றேன். இந்த ஊரில் கால் முறிந்து படுத்திருப்பவரும் எப்படி இருக்கிறீர்கள் என்றால் கிராண்ட், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மனதில் இருந்தது பொறாமை. அதை வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

2

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்கு விளங்காது.

முதல் கரகம் எங்கள் பங்காளி வகையறாவுக்கு. எங்கள் வீட்டுப் பெண்தான் அதைத் தலையில் எடுக்க வேண்டும். ஆனால் வீட்டுப் பெண் என்றால் பிறந்தவள் இல்லை, வந்தவள். அம்மா இருந்தவரை அம்மா எடுத்தாள். அம்மாவுக்குப் பிறகு மருமகள். நான் அந்த வீட்டிலேயே பிறந்து, அந்தக் கோயில் வாசலிலேயே நடை பழகியவள். ஆனால் கட்டிக்கொடுத்த நாளோடு என் கணக்கு தீர்ந்தது. ஜமுனாமரத்தூருக்கு மேலே ஏதோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து, சந்தையில் புளி விற்க வந்த இடத்தில் என் தம்பியைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள் பச்சையம்மா. தாலி ஏறிய மறு ஆடியே அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது.

நாத்தனாருக்கும் ஒரு வேலை உண்டு. கரகத்தை எடுப்பவள் தானாகத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நாத்தனார்தான் தூக்கித் தலையில் வைக்க வேண்டும், இறக்குவதும் அவள்தான். அதாவது, எனக்குக் கிடைக்காததை என் கையாலேயே எடுத்து அவள் தலையில் வைக்க வேண்டும். இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் யாரோ, நல்ல மனிதராக இருந்திருக்க மாட்டார். நான் அயர்லாந்தில் இருந்ததால் இத்தனை வருடமும் பெரியப்பா மகள்தான் எனக்குப் பதிலாகத் தூக்கிவிட்டாள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பம்பை அடிக்கும்போது எந்தப் பெண் மேலாவது அம்மன் வந்து, கரகத்தைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அப்போது பிறந்தவள், வந்தவள், பங்காளி, சம்பந்தி என்று எதுவும் பார்க்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை அப்படி நடந்து, வளையல் விற்க வந்த அம்மாள் ஒருத்தி எங்கள் கரகத்தை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அம்மா ஒதுங்கி வழிவிட்டாள்.

3

கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா, ஆற்று மணலையே குடமாகப் பிடித்து அதில் தண்ணீர் கொண்டுவருவாள். அவள் கற்பு அப்படி. ஒருநாள் வானத்தில் போன கந்தர்வன் ஒருவனின் நிழல் தண்ணீரில் தெரிந்தது. அழகாயிருக்கிறானே என்று ஒரு கணம் பார்த்தாள், குடம் கரைந்துபோயிற்று. முனிவருக்கு விஷயம் எட்டியது. மகன் பரசுராமனைக் கூப்பிட்டு, அம்மா தலையை வெட்டு என்றார். ஓடியவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்த்த இன்னொரு பெண்ணின் தலையும் சேர்ந்து விழுந்தது. பிறகு அப்பாவிடம் வரம் வாங்கி உயிர் கொடுத்தபோது, அவசரத்தில் தலைகளை மாற்றி வைத்துவிட்டான் மகன். எங்கள் கோயிலில் அம்மனுக்குத் தலை மட்டும்தான், தரையிலிருந்து எழும்பிய மாதிரி இருக்கும்.

ஊரில் இதை முனிவர் கோபம் என்பார்கள். கோபமாவது! தன் மனைவி இன்னொருவனை ஒரு கணம் பார்த்தாள் என்று வந்ததற்குப் பெயர் கோபமா? எல்லோரும் ரேணுகாவுக்காக அழுவார்கள். என்னால் சின்ன வயதிலிருந்தே அந்த முனிவரைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது. பார்க்கக்கூடாததை ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு டப்பாவை மூடியவள் நான்.

இந்தக் கதையை ரேணுவுக்கு நான்தான் முதலில் சொன்னேன். அப்போது அவளுக்கு ஆறேழு வயது. மறுநாளே பள்ளியில் எழுந்து நின்று, எங்கள் ஊரில் மகன் அம்மா தலையை வெட்டுவான், அப்பா சொன்னால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை என்னை வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, வீட்டில் எல்லாம் சுமுகமாக இருக்கிறதா என்றார். இது புராணம் என்று விளக்கினேன். புரிகிறது, புரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். இந்த நாட்டில் பிள்ளையைப் பற்றி யாராவது ஏதாவது குறித்துக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து, இனிமேல் அந்தக் கதையையே எடுக்காதே என்று சொல்லிவிட்டேன்.

குழந்தை என்னிடம் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தையிடம் எடுத்தாள்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் ரேணு பேசுவது இங்கிலீஷ். சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டால், ஐம் ஃபைன் என்று பதில் வரும். ஆனால் பச்சையம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் அவளிடம் மட்டும் தமிழ். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! ‘இன்னா அத்த, வூட்ல மழையா?’ என்று கேட்பாள். நான் இங்கே நாலு ஊர்க்காரர்களோடு பழகிப் பழகி, யாருக்கும் புரிகிற மாதிரி வெளுத்துப்போன ஒரு தமிழ் பேசிக்கொண்டிருக்கிறேன். என் மகள் வாயில் என் ஊர் இருக்கிறது, ஆனால் அது என்னிடமிருந்து போகவில்லை.

நானும் ஒரு நிமிடம் போனில் முகம் காட்டிவிட்டு, சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற மாதிரி நின்று காது கொடுப்பேன். அப்படித்தான் பச்சையம்மா சொன்ன கதையைக் கேட்டேன். அவள் சொன்னது எங்கள் கதையே இல்லை.

‘தல கீழயே இருந்துச்சு கண்ணு. அந்த இன்னொருத்தி கீறா பாரு, அவ ரேணுகா ஒடம்ப எடுத்துகினு மல மேல ஏறிட்டா. எங்க ஆளுங்க நீ யாரு, இன்னான்னு ஒண்ணியும் கேக்கல. சாம அரிசிக் கூழு ஊத்துனாங்க. அதான் வருசா வருசம் கோயில் கூழுக்கு மலையிலருந்து சாம எறங்குது.’

‘அப்போ ரெண்டு பேர்ல யாரு அத்த ரேணுகா? தல வச்சிகினவளா, ஒடம்பு வச்சிகினவளா?’

‘நாந்தான் நாந்தான்னு இன்னிக்கி வரிக்கும் ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு கீறாங்க,’ என்றாள் பச்சையம்மா.

ரேணு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் கதைக்கே மலையிலிருந்து ஒரு வால் ஒட்டி, அதை என் மகளுக்கே கொடுத்துவிட்டாளே என்று நான் குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன்.

5

வீடியோ வந்த அந்த மதியமே முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஆடிக்கு ஊருக்குப் போகிறேன். வழக்கப்படி கேட்டால் கரகம் கிடைக்காது. ஆகவே அம்மன் என் மேல் வர வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நான் திட்டம் போட்டது அதற்குத்தான். மாதக்கணக்கில் கறி, முட்டை தொடவில்லை. வெள்ளிதோறும் பட்டினியோடு வார்டில் நின்றேன். ‘அம்மனுக்கு உன் ஷிஃப்ட் நேரமெல்லாம் தெரியுமா?’ என்று என் கணவர் கிண்டல் செய்தார். ரேணுவும் என்னோடு விரதம் இருந்தாள். எனக்காக இல்லை, அத்தை சொன்னதற்காக.

காகிதப் பாடு தனி. ரேணுவுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். நான் பிறந்தபோது எங்கள் ஊர் வடாற்காடு மாவட்டம், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். ஒரு தாளில் அது, இன்னொரு தாளில் இது. இவை இரண்டும் வேறு வேறு ஊரா என்று ஒரு அதிகாரி கேட்டார். ஊர் நகரவில்லை ஐயா, பெயர்தான் நகர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன். என் மகள் தன் அத்தை வீட்டுக்குப் போக விசா எடுத்தாள். நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட வேண்டியிருந்தது.

சென்னையில் இறங்கியதும் நாங்கள் வேறு வேறு வரிசை. வெளிநாட்டவர் வரிசையில் நின்றவளிடம் அதிகாரி இங்கிலீஷில் எங்கே போகிறாய் என்று கேட்டார். ‘படவேடு பக்கம் சார், எங்க அத்த வூட்டுக்கு,’ என்றாள். அவர் எழுந்து நிற்காத குறை. நம்ம பக்கம்தானா என்று சிரித்து, வேலூர் வெயிலைப் பற்றிப் பேசி அனுப்பினார். என் பாஸ்போர்ட்டை வாங்கியவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.

6

‘வாங்க அண்ணி, வா கண்ணு,’ என்று பச்சையம்மா ஓடி வந்து பெட்டியை வாங்கினாள். கையில் காப்பு கட்டியிருந்தாள். நான் இளைத்துவிட்டேன் என்று அவளே ஆரம்பித்து, அவளே வருத்தப்பட்டாள். குறை சொல்ல எதுவும் கிடைக்காதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

மறுநாள் சாமை வாங்கி வர ரேணுவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். இரண்டு பேரும் மலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார்கள். மூன்றாவது இடம் காலியாகத்தான் இருந்தது. என்னைக் கூப்பிடவும் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் இல்லாத நேரத்தில் தம்பியிடம் நேராகவே கேட்டேன். ‘ஏழுமலை, இந்த ஒரு வருசம் கரகத்த நான் எடுக்கறேன்டா.’

அவன் தலையைச் சொறிந்தான். ‘எனக்கு இன்னாக்கா, தாராளமா எடு. பங்காளிங்க இன்னா சொல்லுவாங்களோ.’

பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பாவிடம் போனோம். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை காக்க வைத்தார். ‘கட்டிக் குடுத்த பொண்ணு எடுக்கறது நம்ம வழக்கத்துலயே இல்லியேம்மா. அந்த ஊரு பேரு இன்னா, கார்க்கா? அங்க ஒரு கோயில கட்டி எடுத்துக்கோயேன்,’ என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் விஷயம் பச்சையம்மா காதுக்கு வந்துவிட்டது. பூ தொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே, ‘எங்கிட்ட கேட்டுருக்கலாமே அண்ணி,’ என்றாள்.

‘கேட்டா குடுத்துடுவியா?’

பூவில் முடிச்சைப் போட்டு முடித்தாள். ‘தெர்ல,’ என்றாள்.

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எடுங்க அண்ணி என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தால் அதற்கும் எரிந்திருப்பேன். இதற்கும் எரிந்தேன்.

7

வெள்ளிக்கிழமை. கூழ் ஊற்றி முடிந்து வெயில் தாழ்ந்தது. கோயில் வாசலில் வேப்பிலையும் அரளியும் சுற்றிய கரகம் தயாராக இருந்தது. பச்சையம்மா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தாள்.

தூக்கினேன். நல்ல கனம். மார்பு உயரம் வந்ததும் கை ஒரு கணம் நின்றது. அப்படியே என் தலையில் வைத்துக்கொண்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. ‘அண்ணி, நல்லா அழுத்தி வைங்க,’ என்று கீழிருந்து குரல் வந்தது. வைத்தேன்.

பம்பைக்காரர் உடுக்கைச் சத்தத்தோடு ரேணுகாவின் கதையை வர்ணித்துப் பாட ஆரம்பித்தார். ஆற்றங்கரைக்கு வந்தாள், மணலை அள்ளினாள், குடம் பிடித்தாள். அந்தக் குடம் கரைகிற இடத்தில்தான் வழக்கமாகப் பெண்கள் மேல் சாமி வரும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வா தாயே, இதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன் என்றேன். வந்தது எல்லாம் வேறு. கார்க்கில் குளிர்சாதனப் பெட்டியை மூடினேனா என்று ஞாபகம் வந்தது. முழங்கால் வலித்தது. அடுத்த மாத டியூட்டி அட்டவணை வந்தது. அம்மன் மட்டும் வரவில்லை.

குடம் கரைந்துவிட்டது. இனி விட்டால் அடுத்த ஆடி. என் வலது கையை நானே கொஞ்சம் நடுங்க விட்டேன். தோளையும் ஆட்டினேன். கண்ணைத் துளி திறந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். கரகத்துக்குக் கீழே பச்சையம்மாவின் இரண்டு கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கை தானாக நின்றுவிட்டது.

அப்போதுதான் என் பின்னால் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

வேப்பிலைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற ரேணு அதைக் கீழே போட்டிருந்தாள். மூச்சு சீறிக்கொண்டு வந்தது. கட்டியிருந்த முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. எனக்கு முதலில் வந்தது நர்ஸ் புத்திதான். பட்டினி, வெயில், சர்க்கரை இறங்கிவிட்டது என்று நாடியைப் பிடிக்கப் போனேன். யாரோ ஒரு அம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள். ‘கைய எடு நர்சம்மா, அது இப்ப ஒம் பொண்ணு இல்ல.’

பூசாரி கற்பூரத்தோடு வந்தார். ‘யாரும்மா வந்துகீற?’

‘தெரியலையா?’ என்றாள் ரேணு. எனக்குத் தெரியாத குரல். ‘எங் கொடத்த எங்கிட்ட குடு.’

கூட்டம் குலவையிட்டது. என்னைக் கார்க்கில் கோயில் கட்டச் சொன்ன பெரியப்பா, வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கும்பிட்டார். ‘அம்மா கேட்டாச்சி. அப்பால வழக்கம் இன்னா கீது? குடுங்க, குடுங்க.’

நான்தான் இறக்க வேண்டும். பச்சையம்மா தலையிலிருந்து இறக்கினேன். மகளிடம் திரும்பினேன். பூசாரி குறுக்கே வந்தார். ‘கன்னிப் பொண்ணுக்குப் பெத்தவ தூக்கி வைக்கக் கூடாதும்மா. அத்தக்காரி வைக்கணும்.’

இதுவும் வழக்கமாம். பச்சையம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் அதை ரேணுவின் தலையில் வைத்தாள். பதினேழு வயதுப் பெண், பிறந்ததிலிருந்து தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதவள், கை விட்டு நடந்தாள். கரகம் அசையவில்லை.

பெற்றவளுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. மீதி எல்லாம் என்னவென்று எனக்குத் தெரியும். சொந்த மகள் மேல் எனக்கு இப்படி ஒன்று வருமா என்று பயமாக இருந்தது. இத்தனை மாதம் நான் கூப்பிட்டேன், அம்மன் என்னைத் தாண்டிக் கையெட்டும் தூரத்தில் போய் இறங்கியிருக்கிறாள்.

கூட்டம் ரேணுவோடு நகர்ந்துவிட்டது. வாசலில் நானும் பச்சையம்மாவும்தான் நின்றோம். அவள் தலையில் சும்மாடு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள். கண் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

‘எத்தினி வருசமா தூக்கறேன் அண்ணி,’ என்றாள். ‘ஒரு தபாகூட எம்மேல வர்ல.’

எனக்குப் புரியவில்லை. ‘வீடியோல பாத்தனே. அப்டி ஆடுனியே?’

‘பம்பைக்கி ஆடுவேன். நல்லா ஆடுவேன். வருவா வருவான்னு பாத்துகினே ஆடுவேன்.’ சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். ‘நம்ம புள்ளதான். நாந்தான் வெரதம் இருன்னு சொன்னேன். ஆனா பத்திகினு எரியுது அண்ணி.’

‘எனக்கும்தான்,’ என்றேன்.

‘தெரியும்,’ என்றாள் பச்சையம்மா. ‘கரக வீடியோ போட்டதுக்கு மறு ஞாயித்துக்கெழம போன்ல வருவீங்க பாருங்க, அந்த மூஞ்சியப் பாக்கத்தான் வருசா வருசம் உங்க தம்பிய எடுத்து அனுப்பச் சொல்லுவேன்.’